கையெழுத்தைக் கடைசியாகப் பாருங்கள்: யாழ்ப்பாணத்தில் தலைவர்களின் ஒப்பமிட்ட பழைய படங்கள்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடொன்றின் விறாந்தையில் அரசியல் தலைவர் ஒருவரின் படம் தொங்கி, அதன் கீழ்ப்பக்கத்தில் மையால் ஒரு ஒப்பமும் இருந்தால், வீட்டுக்காரர் முதலில் கேட்பது “இது அவற்ரை கையெழுத்துத்தானோ?” என்றுதான். கேள்வி சரியானது. விடை தேடும் இடம்தான் பெரும்பாலும் பிழைக்கிறது. எல்லாரும் நேரே எழுத்தின் வளைவுகளுக்குப் போய்விடுகிறார்கள். கடதாசி, மை, அந்த மை படத்தின் மேல் கிடக்கும் விதம், படம் கைமாறி வந்த வழி ஆகிய நான்கையும் பார்த்து முடித்த பிறகுதான் எழுத்துக்கு வரவேண்டும். போலி ஒப்பம் போடுகிறவர் பழகிக்கொள்வது எழுத்தின் வளைவைத்தான். கடதாசியின் வயதைப் பழக ஒருவராலும் முடியாது.

எங்கள் ஊரில் இந்த ஒழுங்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. எழுத்தை எழுத்தோடு ஒப்பிட, திகதியிட்ட மூல ஆவணங்கள் வேண்டும். 1981 யூன் முதலாம் திகதியை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரிக்கப்பட்டது. 1995 ஒக்ரோபர் கடைசியில், போர் நெருங்கி, யாழ்ப்பாண நகரும் அடங்கிய வலிகாமம் பகுதி முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்து நடந்தபோது, வீட்டுச் சுவரில் இருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் மிகச் சிலர். ஒப்பிடுவதற்கான மாதிரிகள் அவ்வளவு அருகிப்போன இடத்தில், கையில் இருக்கும் படமே தனக்குத் தானே சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஆளின் மறைவு ஆண்டை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பொன். அருணாசலம் 1924. பொன். இராமநாதன் 1930. கு. வன்னியசிங்கம் 1959. ஜீ.ஜீ. பொன்னம்பலமும் எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் 1977, முன்னவர் பெப்ரவரியில், பின்னவர் ஏப்ரலில். அ. அமிர்தலிங்கம் 1989. படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் அந்த ஆண்டுக்கு முன்னரே உலகத்தில் இருந்திருக்க வேண்டும். ஒன்று பிந்தியதானாலும் கணக்கு அங்கேயே முடிந்தது.

குமிழ்முனைப் பேனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது கடைகளில் பரவலாக விற்பனைக்கு வந்தது 1945க்குப் பிறகுதான். ஆகவே இராமநாதன் படத்தில் குமிழ்முனைப் பேனையால் போட்ட ஒப்பம் இருந்தால், எழுத்து எவ்வளவு ஒத்திருந்தாலும் அது அவருடையது அல்ல. குமிழ்முனைக் கோட்டை 10 மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் தெரியும்: கோட்டின் நடுவே மை வராத மெல்லிய வெள்ளைக் கீறு, வளைவு முடியும் இடத்தில் கட்டி தட்டிய ஒரு சிறு மைத்துளி, கடதாசியில் பதிந்த பள்ளம். மைப்பேனையின் கோடு வேறு. முள் கீழ்நோக்கி அழுந்தும்போது இரண்டாகப் பிரிந்து கோடு அகலும், மேல்நோக்கிப் போகையில் மெலியும். நார்முனைப் பேனைகள் 1960களில்தான் பரவின. வெள்ளி, பொன் நிறப் பேனையால் படத்திலுள்ளவரின் கறுத்த மேலங்கியின் மேல் பளிச்சென்று தெரியும் ஒப்பம் அதற்கும் பிந்திய பழக்கம்.

அந்தக் காலத்து நிரந்தர மை பலதும் துவர்ப்புச் சத்தும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்த வகை. எழுதும்போது நீலமாகவோ கறுப்பாகவோ இருந்து, பல பத்தாண்டுகளில் தவிட்டு நிறத்துக்கு இறங்கும். அந்த நிறத்தைப் பார்த்தவுடன் “பழசுதான்” என்று முடிவு கட்ட வேண்டாம். தேயிலைச் சாயத்தாலும் அந்த நிறத்தைக் கொண்டுவரலாம். ஆனால் அப்படிச் செய்தால் சாயம் கோட்டுக்கு வெளியிலும் ஊறி, ஓரத்தில் ஒரு நிழல் விடும்.

கடதாசியின் சாட்சி

19ஆம் நூற்றாண்டுப் படங்கள் பெரும்பாலும் முட்டை வெண்கரு பூசிய மெல்லிய தாளில் அச்சாகி, தடித்த மட்டையில் ஒட்டப்பட்டவை. நிறம் ஊதா கலந்த கபிலம், வெளிச்சமான இடங்கள் மஞ்சளித்திருக்கும். கபினெற் எனப்படும் மட்டை 108 × 165 மில்லிமீற்றர் அளவு. அந்த வகைப் படங்களில் ஒப்பம் படத்துக்குக் கீழே மட்டையின் வெற்றிடத்திலோ பின்புறத்திலோ இருப்பதுதான் இயல்பு. படத்துக்குக் கீழே ஸ்ரூடியோவின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். கொழும்பில் பிளாற்றே நிறுவனம் தொடங்கியது 1890இல். அந்தப் பெயர் பொறித்த மட்டையில் 1885 என்று யாராவது திகதி எழுதியிருந்தால் திகதி பிழை என்று அதே நொடியில் தெரிந்துவிடும். இதனால்தான் பழைய மட்டையைப் பிறேமின் அளவுக்கு வெட்டிவிட்ட படங்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. வெட்டிப் போன அந்த அரை அங்குலத்தில்தான் படத்தின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது.

அதற்குப் பின் வந்த ஜெலற்றின் வெள்ளிப் படங்கள்தான், அதாவது ஜெலற்றின் என்ற பசைப்படலத்தில் வெள்ளியால் உருவம் பதிந்தவைதான், யாழ்ப்பாணத்தில் அதிகம். சாய்த்துப் பார்த்தால் கறுத்த இடங்களில், குறிப்பாக ஓரங்களில், நீலம் கலந்த உலோகப் பளபளப்புத் தெரியும். படத்தில் உள்ள வெள்ளி காலப்போக்கில் மேற்பரப்புக்கு வந்து படிவதால் வருவது அது. பழமைக்கு நல்ல அடையாளம்.

புறஊதா ரோச் ஒன்று வைத்திருப்பது பயன். 365 நானோமீற்றர் என்று குறித்த வகையைப் பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் 395 வகை தானே ஊதா வெளிச்சம் சிந்துவதால் எல்லாம் மினுங்குவது போலத் தெரிந்து ஏமாற்றும். 1950களின் தொடக்கத்திலிருந்து படத்தாள்களில் வெண்மையூட்டும் இரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். அது புறஊதாவில் பளிச்சென்று நீல வெள்ளையாக ஒளிரும். இருட்டறையில், பக்கத்தில் இன்றைய அலுவலகத் தாள் ஒன்றை வைத்து ஒப்பிட்டு, படத்தின் ஓரத்தையும் பின்புறத்தையும் சில நொடிகள் மட்டும் பாருங்கள். 1924இல் மறைந்த அருணாசலத்தின் படம் அலுவலகத் தாளைப் போல ஒளிர்ந்தால் அது பிந்திய பிரதி. ஒளிராவிட்டால் பழையது என்று அர்த்தமில்லை. 1950க்குப் பிந்திய தாள்களிலும் வெண்மையூட்டி இல்லாதவை உண்டு. மட்டையைத் தனியாகவும் படத்தைத் தனியாகவும் சோதியுங்கள். பழைய படத்துக்குப் பிறேம் போட்டவர் புது மட்டை வைத்திருக்கலாம்.

பிளாஸ்ரிக் பூசிய படத்தாள் 1960களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்தது. தொட்டால் வழுவழுப்பு, மூலை மடிந்தால் தாள் உடையாமல் வளைந்து நிற்கும். வன்னியசிங்கம் படம் இந்தத் தாளில் இருந்தால், நினைவு நாளுக்காகப் பிறகு போட்ட பிரதி. செல்வநாயகம், பொன்னம்பலம் படங்களில் இந்தச் சோதனை மட்டும் போதாது, அவர்கள் இருந்த கடைசி ஆண்டுகளில் அந்தத் தாளும் இருந்தது. பின்புறத்து முத்திரையையும் பாருங்கள். நாட்டின் பெயர் மாறியது 1972 மே 22இல். ஆங்கில முத்திரையில் சிலோன் என்றிருக்கிறதா ஸ்ரீலங்கா என்றிருக்கிறதா என்பதே ஒரு எல்லைக்கோடு போட்டுத் தரும்.

மை எங்கே கிடக்கிறது

பலர் வைத்திருப்பது போலியும் அல்ல, மூலமும் அல்ல. ஒப்பமிட்ட மூலப் படத்தை ஸ்ரூடியோவில் திரும்பப் படம் பிடித்துப் போட்ட பிரதி. குடும்பத்தில் ஐந்து பிள்ளைகள் இருந்தால் ஐந்து பேருக்கும் ஒன்று. யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை; இரண்டு தலைமுறை கழிந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் “மூலப்படம்” இருக்கிறது.

இதைப் பிரித்தறிய ஒரு கைரோச்சும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும். படத்தை மேசையில் கிடத்தி, ரோச்சை மேசையோடு படிய வைத்து ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சுங்கள். உண்மையான மையென்றால் படத்தின் பளபளப்பு ஒப்பத்தின் கோட்டில் மட்டும் மாறும்: மை மங்கலாகவோ செம்பு போல மினுங்கியோ தனியாகத் தெரியும். ஜெலற்றின் மேற்பரப்பு மையை இலகுவில் ஏற்காததால் கோடு சில இடங்களில் துண்டுபட்டும் ஓரத்தில் திரண்டும் இருக்கும். பிரதியில் ஒப்பமும் முகமும் ஒரே பளபளப்பு. கோட்டின் மேல் ஒளி ஒரு தடையும் இன்றிச் சறுக்கிப் போகும். ஒப்பம் வெள்ளை நிறத்தில் இருந்தால் அது நெகற்றிவ்வின் மேல் மையால் எழுதியது, ஒளி புகாத இடம் அச்சில் வெள்ளையாக வருகிறது. உருப்பெருக்கியில் முகம் சிறு சிறு புள்ளிகளாகப் பிரிந்தால் அது அச்சகப் படம், பத்திரிகையின் இலவச இணைப்போ நாட்காட்டியோ.

இறப்பர் முத்திரையால் குத்திய ஒப்பத்தைக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் காட்டிக்கொடுக்கும். கையால் எழுதியதில் வெட்டும் இடம் கூடக் கறுத்திருக்கும், எந்தக் கோடு மேலே போனது என்றும் சிலவேளை தெரியும். முத்திரையில் எல்லாம் ஒரே அடர்த்தி, ஓரத்தில் மட்டும் மை பிதுங்கியிருக்கும்.

இனி வெடிப்புச் சோதனை. பழைய படத்தின் மேற்பரப்பில் மயிர்க்கோடு போன்ற வெடிப்புகளும் கீறல்களும் இருக்கும். ஒப்பம் முதலில், வெடிப்புப் பிறகு என்றால் வெடிப்பு மையையும் சேர்த்து உடைத்திருக்கும். ஒப்பம் பிறகு என்றால் மை அந்த வெடிப்புக்குள் இறங்கி, கிளை கிளையாகப் பக்கத்தில் ஓடியிருக்கும். உண்மையான பழைய படத்தை வாங்கி அதில் புதிதாக ஒப்பம் போடுவதுதான் கெட்டிக்காரப் போலி. கடதாசிச் சோதனை எல்லாவற்றையும் அது தாண்டிவிடும். இந்த ஒரு இடத்தில்தான் அகப்படும்.

எழுத்துக்கு வருவோம்

ஒரு பொதுப் பிழையை முதலில் நீக்கிவிட வேண்டும். ‘சேர்’ பட்டம் பெற்றவர் ஒப்பமிடும்போது பட்டத்தை எழுதுவதில்லை. இராமநாதனுக்குப் பட்டம் கிடைத்தது 1921இல். ‘சேர் பி. இராமநாதன்’ என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தால், அது படத்தில் இருப்பவர் யார் என்று வேறொருவர் எழுதிய குறிப்பு. பொய்யும் அல்ல, ஒப்பமும் அல்ல.

மாதிரி தேடும்போது திகதி உள்ளதையே தேடுங்கள். இராமநாதன், பொன்னம்பலம், செல்வநாயகம் மூவரும் அப்புக்காத்துமார், அதாவது வழக்கறிஞர்கள். ஆகவே சட்டக் கடிதங்கள், பாடசாலைகளோடு நடந்த கடிதப் போக்குவரத்து, கட்சிக் கடிதங்கள் என்று பழைய அலுமாரிகளில் இன்னும் அகப்படக்கூடும். ஒப்பிட வேண்டிய படத்தின் காலத்தை ஒட்டி முன்னும் பின்னும் ஐந்து ஆண்டுக்குள் குறைந்தது ஐந்தாறு மாதிரி இருந்தால்தான் பேசலாம். ஒரே ஒரு மாதிரியோடு அச்சொட்டாகப் பொருந்தினால் மகிழ வேண்டாம், ஐயப்படுங்கள். மனிதர் எவரும் இரண்டு முறை ஒரே மாதிரி ஒப்பமிடுவதில்லை. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் ஒப்பங்களில் பெருந்தொகை செயலாளர்கள் போட்டவை, அல்லது உண்மைப் பேனையைப் பிடித்து ஓடும் ஒப்ப இயந்திரம் போட்டவை. இயந்திர ஒப்பத்துக்கு மை உண்மை, கடதாசி உண்மை. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஒளியில் பிடித்தால் மயிரிழை பிசகாமல் பொருந்துவதுதான் அதன் குற்றம். சேர்ச்சில் முதுமையில், வந்து குவிந்த வாழ்த்துகளுக்குத் தன் கையெழுத்தையே அச்சடித்த நன்றிக் கடிதங்களை அனுப்பினார். வெளிநாட்டு உறவினர் இணைய ஏலத்தில் வாங்கி அன்பாக அனுப்பும் பொருட்களில் இந்த இரு வகையும் அடிக்கடி வரும். கூடவே வரும் அத்தாட்சிப் பத்திரம் எழுதியவரின் பொறுப்பளவே பெறுமதி: பிழை என்றால் பணத்தைத் திருப்பித் தருவதாக அதில் எழுதாவிட்டால் அது வெறும் தாள்.

காந்தி 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தவர். அவரை அழைத்தவர்கள் யாழ்ப்பாண வாலிப மாநாட்டினர். பின்னாளில் அரிசன நிதிக்காக ஒரு ஒப்பத்துக்கு ஐந்து ரூபா வாங்கினார். வலக்கை களைத்தால் இடக்கையால் எழுதுவார், பல மொழிகளிலும் ஒப்பமிட்டிருக்கிறார். ஒரு வலக்கை ஆங்கில ஒப்பத்தை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் போலி என்று தள்ளுவது அவர் விடயத்தில் நடக்காது.

மிகக் கவனம் வேண்டியது தந்தை செல்வாவின் ஒப்பத்தில். பிற்காலத்தில் அவரைப் பார்க்கின்சன் நோய் பீடித்திருந்தது. எழுத்து நடுங்கினால் போலி என்பது இந்தத் துறையில் முதல் பாடம். ஏனென்றால் போலி போடுகிறவர் எழுதுவதில்லை, மெதுவாக வரைகிறார், கை நடுங்குகிறது. செல்வநாயகத்தின் கடைசிக் கால ஒப்பத்துக்கு அந்தப் பாடத்தை அப்படியே பொருத்தினால் உண்மையைத் தூக்கி எறிந்துவிடுவோம். இரண்டு நடுக்கமும் வேறு வேறு. அந்த நோயில் எழுத்து போகப் போகச் சிறுக்கும், நடுக்கம் ஓரளவு ஒரே தாளத்தில் கோடு முழுக்க ஓடும், ஆனால் எழுதும் திசையில் தயக்கம் இராது. வரைபவரின் நடுக்கம் வளைவுகளில் மட்டும் வரும். எழுத்தின் நடுவே தேவையில்லாத இடத்தில் பேனை தூக்கி வைக்கப்பட்டிருக்கும். தொடக்கமும் முடிவும் மொட்டையாக நிற்கும். மாறாக, 1974, 1975 என்று திகதியிட்ட படத்தில் இளவயதுக்குரிய வீச்சோடு ஒரு ஒப்பம் இருந்தால்தான் இரண்டாம் முறை யோசிக்க வேண்டும்.

விலை பற்றி அதிகம் சொல்ல இல்லை. காந்தி, நேரு, சேர்ச்சில், கென்னடி ஆகியோருக்கு உலகச் சந்தை உண்டு. எங்கள் தலைவர்களுக்கு நிலையான விலை இல்லை. வெளிச் சந்தையில் ‘இன்னாருக்கு அன்புடன்’ என்று பெயர் குறித்து எழுதிய படத்துக்கு விலை குறையும். இங்கே அதற்குத்தான் மதிப்புக் கூட வேண்டும், அந்தப் பெயரே படம் வந்த வழியைச் சொல்கிறது.

பாதுகாப்பு

ஐப்பசி, கார்த்திகை மழையில் யாழ்ப்பாணத்துக் காற்றில் ஈரப்பதன் கிழமைக்கணக்கில் 80 வீதத்துக்கு மேலே நிற்கும். 65ஐத் தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். படத்துக்கு உகந்தது 35 முதல் 50 வரை. குளிரூட்டி இல்லாத வீட்டில் இதற்கு வழி, இறுக மூடும் பொலிபுறொப்பிலீன் பெட்டியும் சிலிக்கா மணிகளும்தான். அருங்காட்சியகங்கள் ஒரு கன மீற்றருக்கு 20 கிலோ என்று கணக்குப் பார்க்கும்; 10 லீற்றர் பெட்டிக்கு 200 கிராம். ஈரம் ஏறினால் செம்மஞ்சளில் இருந்து பச்சையாகும் வகையை வாங்குங்கள். நீலத்தில் இருந்து இளஞ்சிவப்பாகும் வகையில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ற் உப்பு இருக்கிறது. பெட்டிக்குள் சிறிய ஈரமானி ஒன்றை வையுங்கள். எல்லாவற்றிலும் முக்கியம், பெட்டியை மூடும் நாள். சோளகக் காற்று வீசும் வறண்ட காலத்தில் மூட வேண்டும். கார்த்திகையில் மூடினால் தாளுக்குள் இருக்கும் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறீர்கள்.

பிளாஸ்ரிக் உறையைவிட அமிலமற்ற கடதாசி உறை எங்கள் காலநிலைக்கு நல்லது. ஈரத்தில் ஜெலற்றின் இளகிப் பிளாஸ்ரிக்கோடு ஒட்டிக்கொள்ளும். வாங்கும் கடதாசியில் ஐ.எஸ்.ஓ. 18916 சோதனை என்று குறித்திருந்தால் அது படத்துக்கென்றே பரிசோதித்த தாள். பசை பூசிய பக்கமும் மேலே ஒட்டும் தாளும் உள்ள அல்பங்கள், பீ.வீ.சீ. உறைகள், பூச்சி உருண்டை ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள். கரப்பானும் இராமபாணப் பூச்சியும் ஜெலற்றினைத் தின்னும், ஆகவே பெட்டியை இறுக மூடுவதே பூச்சிக்கும் மருந்து.

பழைய பிறேமைக் கழற்றும்போதுதான் பெரும் சேதம் நடக்கிறது. கண்ணாடி கீழே இருக்கக் கவிழ்த்து வைத்து, பின் ஆணிகளை ஒவ்வொன்றாக வளைத்து எடுங்கள். உள்ளே பெரும்பாலும் பழைய பத்திரிகைத் தாள் இருக்கும், அதை எறியாமல் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறேம் போட்ட காலம் அதில் இருக்கிறது. பிறகு படத்தின் ஒரு மூலையை மட்டும் மெல்ல உயர்த்திப் பாருங்கள். வந்தால் சரி. கண்ணாடியில் ஒட்டியிருந்தால் அதோடு நிறுத்துங்கள். தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றும் ஸ்ரூடியோக்காரரின் வழி சாதாரணப் படத்துக்குப் பலிக்கும். ஒப்பமிட்ட படத்தில் முகம் தப்பும், மைப்பேனை ஒப்பம் தண்ணீரோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் செய்து, கண்ணாடியோடு சேர்த்தே வையுங்கள்.

பூஞ்சணம் பிடித்த படத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். பூஞ்சணம் தின்ற ஜெலற்றின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்துவிடும், துணியோடு முகமே வந்துவிடும். மற்றப் படங்களிலிருந்து பிரித்து, நிழலில் காற்றோட்டமாகக் காயவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியில் வைத்து மெல்லிய தூரிகையால் தட்டுங்கள்.

சுவரில் தொங்க வேண்டியது பிரதி. நீல மைச்சாயம் வெளிச்சத்தில் முதலில் போகும். நார்முனை மை அதைவிட வேகம். மாலையும் சந்தனமும் குங்குமமும் பிரதிக்கு வைத்தாலும் மரியாதை குறையாது, மூலம் தப்பும்.

ஸ்கான் அங்குலத்துக்கு 600 புள்ளி, ரிஃப் (TIFF) கோப்பு, முன்னும் பின்னும். ஒப்பத்தை மட்டும் பக்கவாட்டு ஒளியில் தனியாகப் படம் எடுத்துச் சேருங்கள். ஒரு பிரதியை நூலக நிறுவனம் போன்ற ஈழத்து எண்ணிம ஆவணகத்துக்குக் கொடுங்கள், வீடு போனாலும் அது இருக்கும். கடதாசிப் படத்தின் பின்புற ஓரத்தில் 4பீ பென்சிலால் ஓர் இலக்கம் மட்டும் இடுங்கள். அழுத்தி எழுதினால் முன்பக்கம் புடைத்துவிடும். பிளாஸ்ரிக் தாளில் பென்சில் பிடிக்காது, உறையில் எழுதுங்கள். அதே இலக்கத்தில் ஒரு தாள்: யார் கையில் இருந்தது, அவருக்கு யார் கொடுத்தது, எந்த ஆண்டில், எந்த நிகழ்வில், 1995இல் படம் எங்கே இருந்தது. வீட்டில் இதெல்லாம் தெரிந்த மூத்தவர் இருந்தால் அவர் சொல்வதைக் கைத்தொலைபேசியில் பதிந்து, தாளை வாசித்துக் காட்டி, அவருடைய ஒப்பத்தையும் திகதியையும் அதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கான் செய்வது அடுத்த வருடமும் முடியும். இதை இந்தக் கிழமையே செய்ய வேண்டும்.